காற்றில் அணைந்த கம்பி

போன மாதம் எங்கள் துறையிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்தவர். புதிதாக ஓர் அளவீட்டு எந்திரம் வாங்கியிருக்கிறார்களாம். சிலிக்கான் சில்லை உள்ளே வைத்து மூடினால் போதும், ஊசிகள் தாமாகவே இறங்கி, தொட்டு, அளந்து, வரைபடத்தையும் கணினியில் போட்டுவிடுமாம்.

"ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க சார். அப்பெல்லாம் எப்படி அளந்தீங்கன்னு எங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்குங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். நல்ல எந்திரம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன் பக்கத்தில் நாற்காலி இல்லை. அளந்து முடியும்வரை யாரும் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. திரும்பும்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே பேக்கரியில் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை பார்த்த காலம் ஒன்று இருந்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் நாமக்கல். அப்பா லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் தச்சர். நான் எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா படித்தேன். கொஞ்ச காலம் டி.வி. பழுது பார்த்தேன். பிறகு சேலத்தில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் இயற்பியல் துறையில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்து, தொழில்நுட்ப அலுவலராக ஓய்வு பெற்றேன். வெற்றிடப் பம்புகளையும் அளவீட்டுக் கருவிகளையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கற்றுக்கொண்டதெல்லாம் கழற்றிப் போட்டு மாட்டித்தான்.

நிர்மலா மேடம் வந்தது என் பணிக்காலத்தின் பிற்பாதியில். வாழப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வெளிநாட்டில் ஆராய்ச்சி முடித்துவிட்டு, ஒரு திட்டத்தின் கீழ் குறிப்பிட்ட காலத்துக்கு என்று எங்கள் துறைக்கு வந்தார். வேலை நன்றாக நடந்தால் திட்டத்தை நீட்டிப்பார்கள், அப்படியே நிரந்தரமும் ஆகிவிடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். என்னைவிட வயதில் நன்றாக இளையவர். வந்த முதல் நாளே என்னிடம் சொன்னார்:

"சார், எனக்கு ஊசி எறக்க வராது. கை நடுங்கும். அதை நீங்கதான் பாத்துக்கணும்."

எனக்கு மேலதிகாரியாக வந்த ஒருவர் தனக்கு வராததைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

அவருடைய ஆராய்ச்சி நானோ கம்பிகளில். தலைமுடியின் கனத்தை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவு இருக்குமோ, அந்தக் கனத்தில் ஒரு கம்பி. செம்பு, வெள்ளி போன்ற உலோகம் இல்லை. துத்தநாக ஆக்சைடு என்னும் குறைக்கடத்தி. உலோகத்தைப் போல மின்சாரத்தைத் தாராளமாகவும் விடாது, கண்ணாடியைப் போல முழுக்கவும் தடுக்காது. எஃகுப் பாத்திரத்தில் உப்புக் கரைசலை ஊற்றி, இறுக மூடி, அடுப்பில் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு போலப் படியும். அந்த மாவு முழுக்கக் கம்பிதான். அதில் ஒரு சிட்டிகையை ஆல்கஹாலில் கலக்கி, சிலிக்கான் சில்லின் மேல் ஒரு சொட்டு விடுவோம். ஆல்கஹால் ஆவியானதும் கம்பிகள் அங்கங்கே விழுந்து கிடக்கும். அவற்றில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் நான்கு இடத்தில் தங்கப் பூச்சு வைக்கவேண்டும். அந்த வசதி எங்களிடம் இல்லை. மேடம் சில்லுகளை எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போவார். திரும்பும்போது பையை ரயிலில் மேலே வைக்கமாட்டார், வழி நெடுக மடியிலேயே வைத்திருப்பார்.

அவை வந்து சேர்ந்ததும் என் முறை. மின்விசிறியை நிறுத்திவிடுவோம். சேலத்துச் சித்திரை மாதத்தில் மின்விசிறி இல்லாமல் உட்கார்வது எப்படி என்று நான் சொல்லவேண்டியதில்லை. வியர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வேன். மணிக்கட்டில் எர்த் பட்டை. உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் பட்டாலே அந்தக் கம்பி கருகிவிடும். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மின்சாரம் அளக்கும் ஊசியைத் தங்கத்தின் மேல் இறக்கவேண்டும். ஊசியும் அதன் நிழலும் ஒன்றை ஒன்று நெருங்கி வரும். இரண்டும் சேரும் இடத்தில் நுனி துளியூண்டு வழுக்கும். வழுக்கியதும் கையை எடுத்துவிடவேண்டும். அதற்கு மேல் திருகினால் தங்கம் கிழிந்துபோகும், பல மாத உழைப்பும் அதோடு போகும்.

மேடம் பின்னால் நின்று எட்டிப் பார்க்கமாட்டார். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "நிதானமா சார்" என்று ஒருமுறை சொல்வார். பிறகு பேச்சே இருக்காது.

அவருக்கு ஒரு பழக்கம். அளப்பதற்கு முன், என்ன வரும் என்று நினைக்கிறோமோ அதைப் பென்சிலால் வரைந்து வைத்துவிடவேண்டும். நான் உட்பட அறையில் இருக்கும் எல்லோரும். "வந்ததுக்கு அப்புறம் நான் அப்பவே நெனச்சேன்னு யாரும் சொல்லக் கூடாதில்லைங்களா" என்பார். அளவு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார். பிடிக்காத முடிவு வந்தாலும் அவர் வாயில் வருவது ஒரே வாக்கியம்: "இன்னொரு தடவை பாக்கலாங்களா?"

எங்களோடு இருந்த மூன்றாவது ஆள் சுதா, மேடத்தின் ஆராய்ச்சி மாணவி. நாமக்கல் பக்கத்தில் கோழிப்பண்ணைக் குடும்பத்துப் பெண். அவளுடைய அப்பா மாதம் ஒருமுறை அட்டையில் முட்டையோடு வந்துவிடுவார். மகளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து உட்காருவார்.

"ஏனுங்க, அந்தக் கம்பி கண்ணுக்கே தெரியாதுங்களாமா?"

"தெரியாதுங்க."

"கண்ணுக்குத் தெரியாததுக்கு இத்தன வருசமுங்களா? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க?"

சுதா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "சின்னதா இருந்தாத்தானுங்கப்பா ரொம்ப நாளாகும்!"

மேடம் ஏற்கனவே வெளியிட்டிருந்த கட்டுரைகள் ஒரு விஷயத்தைச் சொல்லின. தடித்த கம்பிகள் அவற்றின் பருமனுக்கு ஏற்ற மின்சாரத்தைக் கடத்துகின்றன. மெல்லிய கம்பிகளோ பருமனுக்கு ஏற்ற அளவைவிட மிக மிகக் குறைவாகக் கடத்துகின்றன. அதற்கு அவர் சொன்ன காரணம், இடம் குறுகிப்போனதால் எலக்ட்ரான்கள் சுவரில் மோதி மோதித் தளர்ந்துவிடுகின்றன என்பது. கம்பியின் அளவுதான் எல்லாம். எங்கள் திட்டமே அதை நம்பித்தான் கொடுக்கப்பட்டிருந்தது. சுதாவின் ஆய்வேடும் அதன் மேல்தான் எழும்பிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சிக்கல் வந்தது. ஒரே சில்லு, ஒரே மெல்லிய கம்பி. நான் அளந்தால் மின்சாரம் இல்லை என்றே சொல்லலாம். சுதா அளந்தால் ஓடுகிறது. மறுநாள் நான் அளந்தால் மறுபடியும் செத்துக் கிடக்கிறது. அவள் ஊசியை அழுத்துகிறாளோ என்று நான் நினைத்தேன். நான் சரியாகத் தொடவிடுவதில்லையோ என்று அவள் நினைத்தாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அறையில் ஒரு மாதிரி இறுக்கம் வந்துவிட்டது.

மேடம் யாரையும் குறை சொல்லவில்லை. "ரெண்டு பேரும் எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் சும்மா உக்காந்து பாக்கறேன்" என்றார்.

காலையில் நான் செய்து காட்டினேன். எஃகு அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தேன், சில்லைப் பொருத்தினேன், ஊசியை இறக்கினேன். மின்சாரம் இல்லை. மதியம் சுதாவின் முறை. அவள் சில்லை ஒரு கண்ணாடித் தட்டில் எடுத்து வைத்து மூடினாள், சன்னலோர மேசையில் வைத்தாள், சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"சுதா, எங்க போறே?"

"சாப்புடத்தானுங்க மேடம். வந்து அளக்கறனுங்க."

"எப்பவுமே அங்கதான் வெச்சுட்டுப் போவியா?"

"ஆமாங்க. அலமாரியத் தொறந்துட்டா அப்பறம் திரும்ப ஒருக்கா எதுக்குத் தொறக்கோணும்னு..."

மேசையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. மேடம் எழுந்து அந்தக் கண்ணாடித் தட்டின் பக்கத்தில் கையை நீட்டினார். கையில் வெயில் பட்டது. அப்படியே நின்றார்.

"வெயில்ல இருக்கற புற ஊதா ஒளி பட்டா இந்தக் கம்பியில கரன்ட் கூடும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்" என்றார், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. "ஆனா அளக்கறப்ப மூடி போட்டு இருட்டாக்கிடறோமே. வெளிச்சம் போனதும் கரன்ட்டும் போயிருக்கணும். ஏன் போகலை?"

சுதா அன்று சாப்பிடவே போகவில்லை.

மேடம் அடுத்த சில நாட்கள் அறைக்கு வந்ததும் போனதும் தெரியவில்லை. ஒரு காலையில் வந்து கேட்டார்: "சார், அந்தப் பழைய வெற்றிடக் கலம் ஓடுமா? கம்பிக்குப் பக்கத்துல காத்தே இல்லாம அளந்து பாக்கணும்."

அந்தக் கலம் எங்கள் துறையில் பலகாலம் மூலையில் கிடந்தது. ரப்பர் வளையங்களை மாற்றி, பம்புக்கு எண்ணெய் ஊற்றி, கசிவு ஒவ்வொன்றாகத் தேடி அடைத்து, அதைத் தயார் செய்துவிட்டேன். உள்ளே ஊசிக்கு வழியில்லை. அதனால் தங்கத் திட்டுகளில் வெள்ளிப் பசையால் ஒயர் ஒட்டி வெளியே கொண்டுவந்தேன். மூடியிலிருந்த கண்ணாடிச் சாளரத்தின் மேல் ஒரு புற ஊதா விளக்கு.

ஒரு மதிய வேளை. மூன்று பேரும் காகிதத்தில் வரைந்தோம். சுதா ஏறுகிற மாதிரி ஒரு கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டாள். நான் மட்டமாகக் கோடு போட்டேன். மேடத்தின் கட்டுரை சொல்வது அதுதான். காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பியின் பருமன் மாறப்போவதில்லை, ஆகவே மின்சாரமும் மாறக் கூடாது. மேடமும் மட்டக்கோடுதான் போட்டார். ஆனால் பென்சிலை அழுத்தாமல், தெரிந்தும் தெரியாமலும் போட்டார். அதை நான் கவனித்தேன்.

பம்பைப் போட்டேன். காற்று இறங்கியது. விளக்கைக் கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்தோம். இருட்டில் காத்திருந்தோம். விளக்கு எரிந்தபோது திரையில் மின்சாரம் ஏறியிருந்தது. அணைத்ததும் துளி இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. இறங்கவே இல்லை. எப்போதும் செத்துக் கிடக்கும் அந்த மெல்லிய கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்ப காத்தை உள்ள விடுங்க சார்" என்றார் மேடம்.

வால்வைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று நுழைந்தது. கோடு கீழே இறங்கத் தொடங்கியது. சட்டென்று இல்லை. எண்ணெய் தீர்ந்த விளக்குத் திரி போல, மெதுவாக, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

"இன்னொரு தடவை பாக்கலாங்களா?"

பார்த்தோம். மறுபடியும் அதேதான். தங்கமும் கம்பியும் சேரும் இடத்தில் கோளாறு இருக்குமோ என்று நான்கு முனையையும் வைத்து அளந்தோம். அதேதான். தடித்த கம்பியை வைத்துப் பார்த்தோம். அதில் காற்று வந்தாலும் போனாலும் பெரிய மாற்றமில்லை. வெளியே மரங்களின் நிழல் நீண்டுவிட்டது. மேடம் ஓரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார். காற்றில்லாதபோது அந்த மெல்லிய கம்பி, அதன் பருமனுக்கு எவ்வளவு கடத்தவேண்டுமோ ஏறக்குறைய அவ்வளவு கடத்தியிருந்தது. எலக்ட்ரான்கள் சுவரில் மோதித் தளர்வதெல்லாம் இல்லை.

மூன்று பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் என் பக்கம் திரும்பி, "சார், நான் எழுதினது தப்பு" என்றார். குரல் நடுங்கவில்லை. அதில் ஒரு வியப்புகூட இருந்தது.

பிறகு எங்களுக்கு விளக்கினார். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் கம்பியின் மேல்தோலில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டும்போது கம்பியிலிருந்து எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் தோலையொட்டி எலக்ட்ரானே இல்லாத ஒரு வெற்று அடுக்கு உண்டாகிறது. புற ஊதா ஒளி அந்த ஆக்சிஜனைக் கழற்றிவிடுகிறது. காற்று இருந்தால் அது மெதுவாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். சன்னலோரத்தில் நடந்தது அதுதான்.

சுதா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பஜார்ல வண்டி நிறுத்தற மாதிரிங்களா மேடம்? பெரிய ரோட்டுல ரெண்டு பக்கமும் கார நிறுத்துனாலும் நடுவுல லாரி போயிருமுங்க. சந்துல ரெண்டு பக்கமும் நிறுத்துனா சைக்கிள்கூடப் போவாதுங்க."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "அதேதான். சந்து சின்னதுங்கறதும் உண்மைதான். ஆனா வழிய அடைச்சது சந்து இல்ல, நிறுத்தின வண்டி. நான் சந்தத் திட்டிக்கிட்டு இருந்தேன்."

அடுத்த மாதங்களில் கம்பிக்கு மேல் மெல்லிய பாலிமர் பூச்சுக் கொடுத்துப் பார்த்தோம். பூச்சு இருந்தால் காற்று வந்தாலும் மின்சாரம் அணையவில்லை. சந்தில் வண்டி நிறுத்த இடமில்லாமல் செய்துவிட்டோம் என்று சுதா சொல்லிக்கொண்டிருந்தாள். என் வேலைக்காலத்திலேயே நான் காலையில் எழுந்ததும் அந்த அறைக்கு ஓடிப்போய் நிற்கவேண்டும் என்று துடித்த நாட்கள் அவைதாம்.

ஆனால் திட்டத்தை மதிப்பிட ஒரு குழு வரவேண்டியிருந்தது. நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். நான் மேடத்திடம் தனியாகப் பேசினேன்.

"கமிட்டி போவட்டுங்க மேடம். நீட்டிச்சதுக்கு அப்பறம் இதைச் சொல்லிக்கலாமுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"அவங்க வர்றதே அந்த அளவுக் கணக்கு எந்த மட்டுல இருக்குன்னு கேக்கத்தானே சார்? அது தப்புன்னு தெரிஞ்சப்புறம் எந்திரிச்சு நின்னு அதையே சொல்ல எனக்கு வராதுங்க. ஊசி எறக்க வராத மாதிரி இதுவும் வராது."

குழு வந்தது. கருத்தரங்க அறையில் கடைசி வரிசையில் நானும் சுதாவும் உட்கார்ந்திருந்தோம். மேடம் முதல் படத்திலேயே தன் பழைய முடிவைக் காட்டி, இது தவறு, ஏன் தவறு என்று சொல்கிறேன் என்று தொடங்கினார். வெற்றிடத்தில் அளந்ததைக் காட்டினார். பூச்சைக் காட்டினார். குழுவில் வயதான ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான், அவருக்கே மனசு கேட்கவில்லை போல.

"இதை ஒரு வருஷம் கழிச்சுச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"இப்பதாங்க சார் தெரிஞ்சுது" என்றார் மேடம்.

பழைய கட்டுரைகளை வெளியிட்ட இதழுக்கும் அவரே திருத்தம் அனுப்பினார். திட்டம் நீட்டிக்கப்படவில்லை. அந்தப் பேச்சால்தான் என்று சிலர் சொன்னார்கள். பணம் இல்லாததால் எல்லாத் திட்டங்களையும் நிறுத்தினார்கள் என்று வேறு சிலர் சொன்னார்கள். உண்மை எனக்கு இன்றுவரை தெரியாது. சுதாவை வேறொரு பேராசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, பூச்சுப் பூசிய கம்பிகளைப் பற்றிய கட்டுரையை முடித்துவிட்டு, மேடம் வேலை கிடைத்த இடத்துக்கு, கடல் தாண்டி, கிளம்பினார்.

சேலம் ஜங்ஷனுக்கு நானும் சுதாவும் போயிருந்தோம். சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன். அவர், பம்புக்கு எண்ணெய் மாற்றினீர்களா என்று கேட்டார். மாற்றிவிட்டேன் என்றேன். சுதாவிடம், ஆய்வேட்டில் ஒரு வரைபடத்தின் அலகைச் சரிபார்க்கச் சொன்னார். ரயில் வந்தது. ஏறினார். அவ்வளவுதான்.

சுதா ஆய்வேட்டை முடித்தாள். கல்யாணமும் ஆயிற்று. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். நான் ஓய்வு பெறும்வரை அதே அறையில் எத்தனையோ பேருக்கு ஊசி இறக்கிக் கொடுத்தேன். எல்லோரும் நல்லவர்கள்தாம். ஆனால் யாரும் அளப்பதற்கு முன் வரையச் சொல்லவில்லை. சில மதியங்களில் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து நாற்காலியில் யாரோ கண்ணாடியைத் துடைப்பது போலத் தோன்றும். திரும்பிப் பார்த்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் என் மனைவி கேட்பாள், "மறுக்காவும் அந்த ரூமுக்கே போயிட்டீங்களா?" என்று. ஆமாம் என்பேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

வேறொன்றும் இருந்தது. மேடத்துக்கு அந்த அறை ஒரு தோல்வியாக மிஞ்சியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை போனது அங்கேதான், சொன்னது தவறாய்ப் போனதும் அங்கேதான். எதற்கு நினைவுபடுத்துவது என்று இத்தனை ஆண்டுகளில் ஒருமுறையும் நானாக அவரிடம் பேசவில்லை.

இந்தக் கட்டுரையைப் பாதி எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுதா கூப்பிட்டாள்.

"சார், லைன்லயே இருங்க. மேடத்தையும் சேத்து வுடறனுங்க, மூணு பேரும் பேசலாமுங்க."

அதே குரல், கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"சார், நல்லாருக்கீங்களா? இப்ப என்ன அளந்துக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லீங்க மேடம். பிரஷர் ஒண்ணத்தான், மாசம் ஒருக்கா. அதுவும் டாக்டர் அளக்கறாருங்க."

சிரித்தார்.

"நானும் இப்ப எதையும் அளக்கறதில்ல சார். மீட்டிங்தான் நாள் பூரா. பெரிய லேப், பெரிய மெஷின் எல்லாம் இருக்கு. ஆனா காத்தை உள்ள விட்டுட்டு மூணு பேரும் பேசாம உக்காந்திருந்தோம் பாருங்க, அப்படி ஒரு மதியம் அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்ல."

எனக்கும்தாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மறுமுனையில் சுதா, "எனக்குந்தாங்க மேடம்" என்றாள்.

நான், "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன்.